கடைசிப் பாட்டிலில் வெளிச்சம்

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தது. கரையிலிருந்த ஆய்வகத்தில் தங்கை காலி பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கப்பலின் பின்தளத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அண்ணனைக் காணோம் என்றார்கள். கடலில் அலையே இல்லையாம்.

தலை நரைக்கும்வரை அவர் பார்த்தது ஒரே வேலை. நடுக்கடலில் சுற்றும் பெரிய நீர்ச்சுழல்களுக்குள் கப்பலோடு போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவது.

"மேலேருந்து பார்த்தா வெறும் சுத்தல்தான். உள்ளே பெரிய சமையலே நடக்குது," என்பார், டீயைக் கலக்கிக்கொண்டே. "ஆழத்துல கிடக்கிற சத்தையெல்லாம் மேலே தூக்கிவிடும். வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசியும் கிருமியும் பெருகிடும்."

"நான் ஒரு பாட்டிலாப் பொறந்திருக்கலாம்," என்பாள் அண்ணி. "தினமும் துடைச்சுப் பேர் எழுதி வெச்சிருப்பார்."

"பேர் எழுதின கையோட மருந்து விடுவேனே, பரவாயில்லையா?"

மருந்து என்று அவர் சொன்னது விஷம். ஒரு சொட்டு விட்டு உள்ளே இருப்பவற்றை உடனே கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை பாட்டிலுக்குள்ளேயே பெருகும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். விட்டதும் மூடியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார்.

கப்பல் திரும்பியது. அவர் பிடித்த பாட்டில்கள் மட்டும் வந்தன. கடைசிப் பாட்டிலில் அவர் கையெழுத்து இருந்தது, சிவப்புப் புள்ளி இல்லை.

அண்ணி குளிர் அறைவரை கூடவே வந்தாள். தங்கை விளக்கை அணைத்தாள். மற்ற பாட்டில்கள் இருட்டோடு இருட்டாயின. கடைசிப் பாட்டிலுக்குள் நீலமாக ஏதோ மினுங்கியது. கடலில் நீலமாக ஒளிரும் பாசி உண்டு, ஆனால் அசைத்தால்தான் ஒளிரும். அதை யாரும் தொடவில்லை.

"குளிர் அறை மோட்டார் அதிர்வா இருக்கும், அண்ணி."

"மோட்டாரை நிறுத்து."

நிறுத்தினாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் மறுபடி வந்தது, கண்ணாடியில் அதே இடத்தில், உள்ளிருந்து யாரோ விரல் வைத்த மாதிரி.

தங்கை சொட்டுக்குழாயை எடுத்தாள். மறுநாள் காலை எண்ணிக்கை கொடுத்தாக வேண்டும்.

"விட்டா அணைஞ்சிடுமா?"

"அணைஞ்சிடும்."

"விடலைன்னா?"

"அண்ணன் கடைசியாப் பிடிச்ச தண்ணி எந்தக் கணக்குலயும் சேராது."

அண்ணி கையை நீட்டி, மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினாள். தங்கை சொட்டுக்குழாயைக் கீழே வைத்தாள்.

அந்த மூடியில் சிவப்புப் புள்ளி இன்னும் வைக்கப்படவில்லை.