ரீனாவின் இடது கை

எல்லோரும் கழற்றுகிற இடத்தில் ரீனா மாட்டிக்கொள்கிறாள். புனேவை ஒட்டிய சாகணில் எங்கள் தொழிற்சாலையின் வண்டிக் கொட்டகையைக் காலை ஷிஃப்டுக்கு முன்னால் பார்க்க வேண்டும். புனேப் பெண்கள் ஸ்கூட்டரில் வருவது பாலைவனத்தைத் தாண்டி வருவதுபோல இருக்கும். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கைக்கு மேல்வரை துணி ஸ்லீவ், கண் மட்டும் வெளியே. வண்டியை ஸ்டாண்டு போட்டதும் ஒவ்வொன்றாக உரித்து டிக்கியில் திணித்துவிட்டு உள்ளே போவார்கள். ரீனா கட்கியிலிருந்து அரைக்கைக் குர்த்தாவில் அத்தனை வெயிலையும் வாங்கிக்கொண்டு வருவாள். வந்து இறங்கியதும் டிக்கியிலிருந்து தோல் நிறத்தில் ஒற்றை ஸ்லீவை எடுத்து, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையில் மட்டும் ஏற்றிக்கொள்வாள். கடித்த வாயாலேயே யாருக்காவது பதிலும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த ஸ்லீவுக்குள் ஒரு பல்லி இருக்கிறது. பச்சையும் கறுப்புமாக, வால் முழங்கை மடிப்பில் சுருண்டு, தலை மணிக்கட்டில் வந்து நிற்கும். பச்சை குத்தினவன் கண்ணை மட்டும் மஞ்சளாகப் போட்டிருக்கிறான். முதல் தடவை பார்த்தபோது நான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன் நான், நிஜப் பல்லிகளோடு தினமும் புழங்குகிறவன். அப்படியிருந்தும் கொட்டிவிட்டது.

ஏன் பல்லி என்று கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கேக்கறவங்க எல்லாம் ஒரு சோகக் கதைக்கு ரெடியா வர்றாங்க சார். லவ் ஃபெயிலியரா, யாராச்சும் செத்துட்டாங்களான்னு. எனக்குப் புடிச்சிது, குத்திக்கினேன். இதுக்கு இன்னா கதை?"

அப்பா பக்தவத்சலம் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். கையில் பல்லியோடு மகள் வீட்டுக்குள் நுழைந்த அன்று அவர் சத்தம் போடவில்லையாம். சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் பல்லி விழும் பலனைப் படித்திருக்கிறார். இடது கைக்குத் துக்கம், இடது மணிக்கட்டுக்குக் கீர்த்தி என்று போட்டிருந்தது. உடம்பு ஒன்றிலும் தலை ஒன்றிலும் கிடக்கிற பல்லிக்கு எதை எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டார். அம்மாதான் விடவில்லை. "பல்லி விழுந்தா தலைக்கு ஊத்திக்கினா போவும். இது எந்தத் தண்ணில போவும்?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ரீனா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துளை போடும் மெஷின் வரிசையில் அவள் இன்ஸ்பெக்டர். சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவாள், பாதியில் ஏதோ ஞாபகம் வந்து மூடிவிட்டு ஓடுவாள். மராத்தியில் ஆரம்பிக்கிற திட்டு இந்தியில் வேகம் பிடித்துத் தமிழில் வந்து முடியும். சும்மா நிற்கும்போதுகூடக் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற நமக்கு மூச்சு வாங்கும்.

இந்தப் பரபரப்பில் பாதியை நிர்வாகம் கொடுத்தது. ஆபீஸ், கேண்டீன், மீட்டிங் எங்கேயும் பச்சை வெளியே தெரியக் கூடாது என்று வாய்வார்த்தையாக ஒரு கட்டளை. மெஷின் பக்கமோ நேர் எதிர். சுழலுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்லீவ், கையுறை, கடிகாரம், கயிறு எதுவும் கூடாது. ஒரு நூல் சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் மாட்ட வேண்டும், அந்தப் பக்கம் போனால் கழற்ற வேண்டும். நாள் முழுக்க அவள் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருப்பவள். "நானு மனுசியா, தலகாணியா சார், உறை மாத்திக்கினே இருக்க?" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷின் பக்கத்து விதியில் அவள் பிடித்த பிடியை விடமாட்டாள். ஆபரேட்டர் மாடசாமி திருச்செந்தூர் போய்வந்து மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றச் சொன்னாள். சாமி கயிறு, கழற்ற மாட்டேன் என்றார் மனிதர். வாதாடிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து அவளே வெட்டிவிட்டாள். வெட்டியதைக் கீழே போடாமல் ஒரு தாளில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். அதன்பிறகு வெகுநாள் மாடசாமி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்ற மாதம் ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். வரிசைக்கு லைன் லீடர் இடம் காலியாக இருந்த நேரம். வாடிக்கையாளர் வரும்போது யார் வரிசையை விளக்கிச் சொல்கிறாரோ அவருக்குத்தான் அடுத்து அந்த இடம் என்பது எங்கள் தொழிற்சாலையில் எழுதாத வழக்கம். ரீனா அதற்காக ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மேனேஜர் அருண்ராஜ் அவளைக் கூப்பிட்டார். கோவைக்காரர். அடிக்கிற அடியையும் மரியாதையாக அடிப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ரீனா. அவங்க ஊர்ல பச்சை குத்தினா ரவுடின்னு நினைப்பாங்க. நாளைக்கு மெஷின்கிட்டயும் ஸ்லீவைக் கழட்டாதீங்க. நீங்க பேசுங்க போதும், மெஷினை உங்க ஆபரேட்டர் விச்சு ஓட்டட்டும். முடியாதுன்னா விச்சுவே பேசிக்கட்டுங்க."

அவள் முடியும் என்று சொல்லிவிட்டாள். அதை என்னிடம் வந்து சொன்னபோது என் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை வெறுமே அழுத்திக்கொண்டே இருந்தாள். மேஜையெல்லாம் பின். அருண்ராஜ் மீது எனக்கு வந்த கோபத்தில், அவளை உட்காரக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

பதவி யாருக்கு என்று இந்த நிமிஷம்வரை அறிவிக்கவில்லை. அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். உதிரிகளின் தள்ளுவண்டியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். ரீனா நன்றாகவே பேசினாள். துபாஷி அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு தடவை கையைத் தூக்கி நிறுத்தினார். எல்லாம் முடிகிற தறுவாயில் வந்தவர்களில் மூத்தவர் ஏதோ சொல்ல, துபாஷி மொழிபெயர்த்தார். இவ்வளவு தெரிந்த நீங்களே ஒரு இரும்புத் துண்டில் துளையிட்டுக் காட்டுங்களேன் என்கிறாராம்.

விச்சு நகர்ந்து வழிவிட்டான். ரீனா ஓரடி வைத்து நின்றுவிட்டாள். எதிரே அருண்ராஜ், வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டு. அடுத்த மெஷினில் மாடசாமி, தன் வேலையை நிறுத்திவிட்டு அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு. ஸ்லீவை மாட்டிக்கொண்டு ஓட்டினால் இனி எந்த மணிக்கட்டைப் பார்த்தும் அவளால் வாய் திறக்க முடியாது. கழற்றினால் ஒரு வருஷத் தவிப்பு அங்கேயே போச்சு. அவள் அருண்ராஜைப் பார்த்தாள், மாடசாமியைப் பார்த்தாள். "சாரி சார், இதோட ஓட்டக் கூடாது," என்று அருண்ராஜிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு ஸ்லீவை உருவித் தள்ளுவண்டியில் போட்டாள்.

மெஷின் ஓடி நின்றது. துளை விழுந்த இரும்புத் துண்டை எடுத்துத் துடைத்தாள். வந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் ஊர் மரியாதை என்று அருண்ராஜ் எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தார். ரீனா துண்டை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, லேசாகக் குனிந்து, கைகளை நன்றாக நீட்டினாள். பெரியவரின் பார்வை துண்டில் இல்லை, பல்லியின் மேல் இருந்தது. அவர் தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளும்வரை அவள் கைகளை இறக்கவில்லை.