சேராத தசை

சலவை நிலையத்தில் அவளுக்கு மூக்கி என்று பெயர். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள், "இவ பேச்சுக்கு ரெண்டு வாசல்டி. வாய் ஒண்ணு, மூக்கு ஒண்ணு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிப்புக்கு உச்சரிப்பு தேவையில்லை.

பேச ஆரம்பித்த வயதில் அவள் அப்பாவை அம்மா என்று கூப்பிட்டாள். உதட்டை அழுத்திச் சேர்த்துத்தான் சொன்னாள். காற்று மூக்கு வழியாகப் போய்விட்டது. பால் குடித்தாலும் கொஞ்சம் மூக்கில் வரும். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள், "என்ன அம்மா, சாப்பிட்டாச்சா?" என்று அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் அவள் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சொல்லு" என்றார்.

"அப்பா."

தெளிவாக வந்தது.

"பாத்தியாடி? வருது. வேணும்னே பண்ணுது. திமிர்" என்றார் அம்மாவிடம். விரலை எடுத்ததும் பழையபடி ஆனது. அதற்கு அறை விழுந்தது.

அவள் பெரியவளாகும் வரை விரலும் அறையும் தொடர்ந்தன. அவளும் நம்பினாள். தனக்குள் எங்கோ ஒரு திமிர் இருக்கிறது, அது தன் சொல்லையே கேட்பதில்லை என்று. கல்யாணப் பேச்சு வந்தது. அவள் பேசியதும் போனது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

நாற்பதுக்கு மேல், காது அடைக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, காதை விட்டு வாயில் டார்ச் அடித்தார். உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பிறகு அவரும் அவள் மூக்கைப் பிடித்தார். அவள் கண்ணை மூடிக் கன்னத்தை இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. பாப்பா, அப்பான்னு சொல்லுங்க."

தெளிவாக வந்தது.

"மேல்வாய்க்குப் பின்னால மெத்துன்னு இருக்கே, அதுக்குள்ள தசை. ரெண்டு பக்கமிருந்தும் வந்து நடுவுல சேரணும். பேசறப்ப, முழுங்கறப்ப மேல எழும்பி மூக்கு வழியை அடைக்கணும். உங்களுக்குப் பிறவியிலேயே சேரலை. மேல தோல் மூடியிருக்கு, அதான் யாருக்கும் தெரியலை. காதுக் குழாயைத் திறந்துவிடற தசையும் அங்கதான். அதனால காதும் அடைக்குது."

"நான் வேணும்னு பண்ணலையா?"

"இல்லாத கதவை யாரும்மா சாத்த முடியும்? சின்ன வயசுலயே தைச்சிருந்தா நல்லா வந்திருக்கும். இப்பவும் தைக்கலாம். பாதிதான் தேறும்."

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், டாக்டரம்மா மூக்கைப் பிடித்தது உட்பட. அவருக்குப் புரியாத இடங்களைத் திரும்பச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டாம்; உன்மேல் தப்பில்லை என்றால் போதும்.

அவர் முகம் மலர்ந்தது. "படிச்ச டாக்டரே மூக்கைத்தானே புடிச்சுப் பாத்தாங்க? அதை நான் அப்பவே பண்ணலை?"

அவள் எழுந்துபோய்ப் பையில் துணிகளை அடுக்கினாள்.

"நீ அங்க போய்ப் படுத்துட்டா எனக்கு யாரு சமைக்கிறது?"

"அண்ணன் வீட்டுக்குப் போங்க."

"என்னது?"

அவள் டவலை மடித்து வைத்தாள்.

"என்னடி சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னவள், அன்று சொல்லவில்லை.