சிவப்பு நூல் மூட்டை

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷினை ஓட்டுகிறவர். பருப்பு பொறுக்க வரும் ஓரகத்திகள் இரண்டு பேர். ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வருகிற மூத்த அக்கா. கண்டாச்சிபுரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ வந்த பெண். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். விழுப்புரத்திலிருந்து மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்த வண்டிக்காரர். அப்புறம் நான், ஷெட்டுக்குச் சொந்தக்காரி. ஏழு பேர்.

திரும்பி வந்தது மூன்று மூட்டை. சொத்தைப் பருப்பு அதிகம்.

"இன்னொரு தபா இப்பிடி வந்தா வேற ஷெட்டு பாத்துக்கிறேன்னு சொல்ட்டாரும்மா," என்றார் வண்டிக்காரர். "நான் சொல்லல. வாங்குறவரு சொன்னது."

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பொறுக்கியவர் யாரோ, அவருடைய நிற நூலால் வாய் தைப்போம். ஓரகத்திகளுக்கு மஞ்சளும் நீலமும். கண்டாச்சிபுரத்துப் பெண்ணுக்குப் பச்சை. மூத்த அக்காவுக்குச் சிவப்பு. வந்த மூன்றிலும் சிவப்பு நூல். எல்லோரும் பார்த்தார்கள்.

அக்கா ஷெட் போட்ட முதல் நாளிலிருந்து இருக்கிறவர். என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறு நாள் ஷெட்டைத் திறந்து மூடியது அவர்தான். கண் மங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். முறத்தை மூக்கு வரை தூக்கிப் பார்ப்பார். நான் அதைப் பார்த்தும் கேட்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். குறையை நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் என் மாமியார் பூனையிடம் சொல்வார். எனக்குப் புரிந்துவிடும். அதே மாதிரி செய்தேன். புதியவளைத் திட்டினால் அக்காவுக்கு உறைக்கும், மனசும் நோகாது என்று கணக்குப் போட்டேன்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றேன் கண்டாச்சிபுரத்துப் பெண்ணிடம். "சொத்தையும் நல்லதும் ஒண்ணா கொட்டி வச்சா எவன் வாங்குவான்?"

"அது என் மூட்டை இல்லக்கா. என்து பச்ச நூலு."

"நூலு கதையெல்லாம் எனக்கு வேணாம். வேலைய ஒழுங்கா பாரு."

வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

மூத்த அக்கா முறத்திலிருந்து நிமிரவில்லை. "புதுசுதான. போகப் போகப் பழகிடும், வுடும்மா," என்றார்.

ஓரகத்திகளில் இளையவள் மூத்தவளிடம் சொன்னாள்: "எக்கா, நாமளும் செவப்பு நூலு வாங்கிக்கலாமா? ராசியான நூலா கீது."

கண்டாச்சிபுரத்துப் பெண் முறத்தைக் கீழே வைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அவள் கை வேகம். அவள் இல்லாமல் வெள்ளிக்கிழமை லோடு நிறையாது. நிறைந்தாலும் சுத்தமாக இருக்காது. அந்த லோடும் திரும்பினால் வாங்குகிறவர் போய்விடுவார். அதற்கப்புறம் அக்கா தைத்து வைத்த சிவப்பு நூல் மூட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பழையபடியே சொத்தை இருந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பொறுக்கி வைத்த குவியலிலிருந்து பருப்பை அள்ளி, நூறு எண்ணி முறத்தில் போட்டேன். அவர் எதிரிலேயே சொத்தையைப் பிரித்தேன்.

"நூறுல பதினொண்ணு சொத்தைக்கா. திரும்பி வந்த மூணும் உன்து. உனக்குக் கண்ணு தெரியல. நாளைலேந்து மிஷின்ல காய் தள்ளி வுடு. கூலி அதேதான்."

அவ்வளவுதான். ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"நூல நானுந்தான பாத்தேன்," என்றார் அக்கா. "செவப்பு மட்டும் இன்னும் நல்லாத் தெரியுது."

"அப்பறம் ஏன் அவள புதுசுன்னு சொன்ன?"

"வேல பூடும்னு பயம். வேற இன்னா."

டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்தார். சாயங்காலம் வரை பொறுக்கினார். போகும்போது வழக்கம்போல வர்றேன் என்று சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. போன் போட்டேன். கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும் என்று மட்டும் சொன்னார். என்றைக்கு என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே கண்டாச்சிபுரத்துப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"மூட்டை உன்து இல்ல. தெரிஞ்சேதான் திட்டினேன்."

"இத இங்க வந்து ஏங்க்கா சொல்றீங்க? இங்க நான் ஒருத்திதான கீறேன். அத்தினி பேர் எதிர்ல திட்டினீங்க. அத்தினி பேர் எதிர்ல சொல்லுங்க. வர்றேன்."

"வண்டிக்காரரு நாளைக்கு வெள்ளிக்கெழமதான் வருவாரு."

"அப்ப நாளைக்கு வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தபின் வந்தாள். உள்ளே வரவில்லை. டிபன் பாக்ஸோடு ஷெட் வாசலில் நின்றாள். மிஷினை நிறுத்தச் சொன்னேன்.

"அன்னிக்கித் திரும்பி வந்த மூட்டை இவுளுது இல்ல. எனக்கு அப்பவே தெரியும். இவ மேல போட்டுட்டேன். தப்பு என்து."

"நூல நானும் அன்னிக்கே பாத்தேம்மா," என்றார் வண்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு.

யாருடைய மூட்டை என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒருத்தர் கொறையறாங்க."

"ஒலக்கூர் அக்கா வர்ல."

"வருவாங்களா?"

"தெரியல."

உள்ளே வந்தாள். டிபன் பாக்ஸை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. லோடுக்கு இன்னும் இரண்டு மூட்டை வேண்டும். அக்கா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்து அவர் முறத்தை இழுத்துக்கொண்டேன். வண்டிக்காரரும் மூட்டை பிடிக்க வந்தார்.

எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்.