இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்த ஒரு வரி

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. காலேஜில் பாடம் நடத்திவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால், சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். புடவை கறையாகிவிடும் என்ற பயத்தில் காவிரிப் பாலம் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். வீட்டில் என்ன ஏது என்று கேட்க ஆள் கிடையாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் டாக்டரம்மா கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துவிட்டார். கருத்தடைக்கென்று வந்த சாதனம்தான், ஆனால் ரத்தப்போக்கையும் அடக்கும். அடங்கியது. ஒரு மாதச் சம்பளம் அதில் போயிருந்ததால் காலேஜ் இன்சூரன்ஸில் கேட்டேன். கருத்தடைச் செலவைப் பாலிசி ஏற்காது என்று பதில் வந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். போன் செய்தால், கர்ப்பப்பையையே எடுத்திருந்தால் முழுச் செலவும் கிடைத்திருக்கும் என்றாள் ஒரு பெண், வெகு மரியாதையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேன், டாக்டர் கடிதம் எல்லாம் வைத்து மூன்று தரம் அனுப்பினேன். மூன்று தரமும் அதே பதில்தான்.

எங்கள் ஆபீஸ் கிளார்க் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வழி சொன்னார்.

"கல்யாணம் ஆகலை, தனியாத்தான் இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். பாஸ் ஆயிடும்."

எழுதினேன். இத்தனை வருஷம் சொந்தக்காரர்களிடம் சிரித்து மழுப்பியதை, முகம் தெரியாத யாருக்கோ கையெழுத்துப் போட்டு உறுதி சொன்னேன். அவமானமாக இருந்தது. பத்தே நாளில் பணம் வந்தது. என் ரத்தத்தை நம்பாதவர்கள், எனக்கு ஒருவரும் இல்லை என்பதை உடனே நம்பிவிட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி முசிறியிலிருந்து தினமும் வருகிறவள். புருஷன், இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் இதே தொந்தரவு, இதே கருவி. அவளுக்கும் பணம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். எழுதிய வரியைச் சொன்னேன். நோய் ஒன்றுதான், ஆனால் வீட்டில் புருஷன் இருப்பதால் அவளுக்கு அது குடும்பக் கட்டுப்பாடு, அவள் கைக்காசு. கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள்.

கேலியாக இல்லை, மனசாரத்தான் சொன்னாள்.