நடுவில் வைத்த கட்டை

ராஜபாளையத்திலிருந்து வந்த அந்த மெக்கானிக் தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தார். சுத்தியலை நேராக இரும்பின் மேல் போடமாட்டார். நடுவில் ஒரு புளியங்கட்டையை வைத்துத்தான் தட்டுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பஞ்சு குடோனில் தாத்தாவின் கார் நின்றது. சொத்துச் சண்டையில், தன் தம்பியான என் அப்பா எடுத்துவிடக் கூடாதென்று பெரியப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியோடு போனார். வருடக்கணக்கில் நின்றதில் பின்சக்கர பிரேக்குகள் துருவேறி, அவற்றை மூடிய வார்ப்பிரும்பு டிரம்மோடு ஒட்டிக்கொண்டன.

காலையிலிருந்து மெக்கானிக் பின்சக்கரங்களைக் கழற்றிவைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, டிரம்மைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஓங்கிப் போடுங்க,” என்றார் அப்பா.

“டிரம்மு வெடிச்சிரும் அண்ணாச்சி. பொறவு வண்டி எப்படி ஓடும்?”

“ஓட்டவா போறோம்? எடைக்குப் போட்டு அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதி. லாரி வரைக்கும் உருண்டா போதும்.”

மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“இதக் காலையிலயே சொல்லியிருக்கலாம்ல.”

கட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். சம்மட்டியை எடுத்து நேராக இரும்பின் மேல் போட்டார். டிரம் இரண்டும் உடைந்து விழுந்தன. சக்கரங்களை மாட்டிக்கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அந்தக் காருக்காகச் சண்டை போட்டவர்கள் எங்கள் வீட்டில் நிறையப் பேர். அது உடைந்ததற்காகக் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான்.