எலுமிச்சை பிழிந்த மாத்திரைத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை மலையேறப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அந்தக் குழந்தைக்கு மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான்.

இப்படி ஒரு பொறுப்பு இருக்கும்போது மலைக்கு எதற்குப் போக வேண்டும்? என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

"போன தடவை ஓடை வெள்ளத்தக் குடிச்சிற்று வந்து மூணு நாளு பாத்ரூமிலதான குடியிருந்தீங்க? இப்பமும் அப்பிடி ஆச்சுன்னா பிள்ளைய ஆரு மடியில வச்சிக் குத்தியது?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள். கொண்டுபோகும் தண்ணீர் தீர்ந்தால், குளோரின் மாத்திரை போடாமல் ஒரு சொட்டுகூட வாயில் படக் கூடாது.

கூட வந்தவன் சேவியர். கடற்கரைக்காரன், என் பள்ளிக்கூடத்து சிநேகிதன், பல வருஷம் கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். கீரிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டத்தைத் தாண்டி ஏறினோம். உச்சி வெயிலுக்குள் இரண்டு பேர் பாட்டிலும் காலி. நல்லவேளை, பக்கத்திலேயே ஓடை.

தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. அள்ளிக் குடிக்கக் கை பரபரத்தது. ஆனால் காதுகுத்து நினைவுக்கு வந்துவிட்டதே... பாட்டிலை நிரப்பி, மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து ஒரு வாய் குடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. சேவியர் வாயில் வாங்கிய வேகத்தில் துப்பினான்.

"இது வெள்ளமா மக்கா? நீச்சல் குளத்துல வாயத் தொறந்த மாதிரில்லா இருக்கு."

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெறும் தண்ணீரைத் தண்ணீராகவே மதிக்க மாட்டோம். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிச் சிவக்க வைப்போம். இல்லையென்றால் சீரகம், அதுவும் இல்லையென்றால் சுக்கு... எதையாவது போட்டால்தான் எங்களுக்குத் தாகம் அடங்கும்.

அடுத்த பாட்டிலைச் சேவியர் பொறுப்பேற்றான். மாத்திரையைப் போட்ட கையோடு, பையில் கொண்டுவந்திருந்த இரண்டு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து, உப்பும் போட்டான்.

"அரை மணிக்கூர் எல்லாம் ஒண்ணாக் கெடந்து ஊறட்டும்."

ஊறியது. குடித்தோம். அமிர்தம்! நாற்றம் போன இடமே தெரியவில்லை. பாட்டிலைக் காலி செய்து, ஆளுக்கொரு ஏப்பமும் விட்டோம்.

மலை இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்து. எலுமிச்சை, ஜூஸ் எதுவானாலும் அரை மணி நேரம் கழித்தே சேர்க்கவும். முன்பே சேர்த்தால் மருந்து வேலை செய்யாது.

நாற்றம் மட்டுமா போயிருக்கிறது — மருந்தே போயிருக்கிறது. கிருமியை அடிக்க வந்தவனை எலுமிச்சை வாசலிலேயே அடித்துப் படுக்கப் போட்டுவிட்டது. நாங்கள் குடித்தது உப்புப் போட்ட ஓடைத் தண்ணீர்.

"ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துடே" என்றேன்.

"பேடிக்காத மக்கா. ஒண்ணும் வராது. வந்தா சொல்லு, பிள்ளைய நான் மடியில வச்சிக்கிடுதேன்."

ஞாயிறு காலை வரை வயிறு அமைதி காத்தது. பட்டு வேட்டியோடு மண்டபத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கியதுதான் தாமதம் — கடமுடா என்று ஆரம்பித்தது. எழுந்தால் சபையில் மானம் போகும். எழாவிட்டால் பட்டு வேட்டியே போகும். எனக்கு வேர்த்து ஊற்றியது.

வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என் வயிற்றையே பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தது. காது குத்த வந்த ஆசாரிக்கு அது போதுமே! ஒரு காது முடிந்தது. இன்னொரு கடமுடா... மறு காதும் முடிந்தது.

"மாமன்னா இப்பிடில்லா ஒத்தாசை செய்யணும்" என்றார் ஆசாரி. குழந்தையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றாள். மண்டபத்துக் குழாய்த் தண்ணீர். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது.

"மாத்திரை போட்டுத்தான குடிச்சீங்க?"

"போட்டுத்தான் குடிச்சேன்." பொய்யில்லையே?

மூச்சு விடாமல் குடித்தேன். தண்ணீர் நாறினால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி — உள்ளே யாரோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னொரு டம்ளர் தரட்டா? எலுமிச்சை பிழிஞ்சு?" என்றாள்.

"அரை மணிக்கூர் கழியட்டும்" என்றேன்.