பிள்ளையார் அட்டை போட்ட புத்தகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன். எழுதினால் என் அக்காவைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று பயம். அதைவிட, மாரியம்மனையே குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று பயம். போன பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அக்கா ஊருக்கு வந்தபோது என் வீட்டுப் பூசை அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒன்பதாவது படிக்கும்போது, தீபாவளி சீசனில், வெம்பக்கோட்டைப் பக்கம் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது. அம்மா பிழைத்தாள். அதே ரூமில் இருந்த மற்றவர்கள் பிழைக்கவில்லை. மாதக்கணக்கில் மதுரை ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் கட்டில். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கழுத்து திரும்பாது. சோறு ஊட்ட, துணி மாற்ற, அரிப்பு எடுக்கும்போது விசிற, எல்லாவற்றுக்கும் அக்காதான். தீயைக் கண்டால் அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். அதனால் அடுப்பைக் கொல்லைப்பக்கம் மறைவில் வைத்துவிட்டோம். அக்காவின் பள்ளிக்கூடத்தை யாரும் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது.

நான் அப்போது ஆறாவது. எனக்குப் பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது. இங்கிலீஷ் சார் காதைத் திருகுவார். போகிற வழியில் மாரியம்மன் கோயில். தினமும் நின்று கும்பிடுவேன். அம்மாவைக் குணமாக்கு என்று முதலில் கேட்பேன். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க ஒரு வழி பண்ணு ஆத்தா என்று அடுத்ததாகக் கேட்பேன்.

அதற்கு அடுத்த வருடம், தைப்பொங்கல் லீவு முடிந்த வாரம் அக்காவின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை, அதில் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள்.

"ஒன்பதுல எல்லாரையும் மேல தூக்கி விட்டாச்சு, இவ பேரும் ரிஜிஸ்டர்ல இருக்கு. பங்குனியில பரீட்சை. இப்ப அனுப்புனீகன்னா எப்படியும் பாஸ் பண்ண வச்சிருவேன்" என்றார்.

"இவ அம்மாவைப் பாக்க ஆள் வேணுமே டீச்சர்" என்றார் அப்பா. "நான் லோடு ஏத்தப் போகலைன்னா மாத்திரை வாங்க வழியில்ல."

அம்மா படுத்தபடியே பேசினாள். "என்னைய ஒருத்தரும் பாக்க வேண்டாம். அவளைக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா அவளும் பட்டாசு மருந்து ரூமுக்குத்தான் போவா."

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீ படிக்க வேண்டாமாடி?"

"பரீட்சை வரைக்கும்தான டீச்சர்."

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "பரீட்சை முடிஞ்ச மறுநாள் இந்தப் பிள்ள வகுப்புல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். நான் கோயிலுக்கு ஓடிப்போய்ச் சூடம் ஏற்றினேன். ஆத்தா இத்தனை சீக்கிரம் காது கொடுப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை.

அப்பா லோடு ஏற்றுவது அச்சாபீசில். சாமி படக் காலண்டர் அடிக்கும்போது வண்ணம் விலகிப்போன தாள்களைக் கழித்துப் போடுவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகத்துக்கெல்லாம் அதுதான் அட்டை. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சாமி உண்டு. அக்காவுக்கு அறிவியலில் முருகன், சமூக அறிவியலில் மாரியம்மன், கணக்கில் பிள்ளையார். வண்ணம் விலகிய பிள்ளையார் என்பதால் அவருக்குத் தும்பிக்கை இரண்டு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, சாமி தெரியும். "இன்னைக்கு முருகனை எடு" என்றுதான் சொல்வாள்.

சாயங்காலம் அக்கா வந்ததும் கொல்லையில் அடுப்பைப் பற்றவைப்பாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் பட்டாசுப் பெட்டி அட்டையை வைத்து அம்மாவுக்கு விசிறிக்கொண்டே, மறு கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வியைக் கத்துவேன். அடுப்படியிலிருந்து பதில் வரும். சரியா தப்பா என்று சொல்வது அம்மா. கேட்டுக் கேட்டே அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"முதல் உலகப் போருக்குக் காரணம் சொல்லு!"

அக்கா வரிசையாகச் சொன்னாள்.

"அந்த இளவரசனைச் சுட்டதை விட்டுட்டா பாரு" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "எங்கனயோ ஒருத்தனைச் சுட்டதுக்கு அம்புட்டு ஊரும் எரிஞ்சிருக்கு" என்றாள்.

கணக்குத்தான் அக்காவுக்கு ஏறவில்லை. ஒருநாள் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். அம்மா அட்டையைப் பார்த்து, "ரெண்டு தும்பிக்கைய வச்சுக்கிட்டு ஒரு கணக்குச் சொல்லிக் குடுக்கத் துப்பில்லையே உமக்கு" என்று பிள்ளையாரைத் திட்டினாள். அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

பரீட்சைக்குக் கிளம்பும்போது அம்மாதான் திருநீறு பூசுவாள். விரல் பிரியாததால் ஒரு சிட்டிகை எடுக்க வராது. கையை அப்படியே தட்டில் வைத்து அழுத்தி, அக்காவின் நெற்றியில் அழுத்துவாள். முகம் பாதி வெள்ளையாகிவிடும். பஸ்ஸில் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அக்கா ஒருநாளும் துடைக்கவில்லை.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, அக்கா பையை வைத்ததும் சொன்னாள்: "நாளையில இருந்து நீ போடி. உனக்கு முழுப்பரீட்சை இருக்கு. அம்மாவை நான் பாத்துக்கிறேன்."

நான் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "நான் போக மாட்டேன். அம்மாவுக்கு நான்தான் வேணும். நீ விசிறுனா காத்தே வராது!"

அம்மா சிரித்தாள். "பாத்தியாடி, மாமியாக்காரி மாதிரில்ல அதட்டுறா!" தீப்பட்ட பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இறுகிப்போன உதடு வெடித்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்த் துணியால் ஒற்றி எடுத்தேன். அப்பாவும் சிரித்தார். நாளைக்கு யார் பள்ளிக்கூடம் போவது என்ற பேச்சு அந்தச் சிரிப்போடு நின்றுபோனது. அக்கா மட்டும் சிரிக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. அவள் பார்த்தபடியே நின்றாள். செல்லம் எனக்கு மாறிவிட்ட பொறாமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா பாஸ். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாள். அப்பா தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அக்கா புத்தகங்களைத் தூசி தட்டி என்னிடம் கொடுத்து, "பத்தாவது போறப்ப உனக்கு வேணும், பத்திரமா வையி" என்றாள். அட்டையில் சாமி இருக்கிறதே, கால் படக் கூடாதே என்று பூசை அலமாரியில் வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அதே டீச்சர் மறுபடி வந்தார், இந்தத் தடவை என்னைத் தேடி. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

"அடுத்த வருசம் கண்டிப்பா அனுப்புறேன் டீச்சர்" என்றார் அப்பா.

"மூத்தவளுக்கும் இதத்தான சொன்னீக" என்றார் டீச்சர்.

அடுத்த வருடம் வரவில்லை. அம்மா இன்னும் சில வருடம் இருந்தாள், கடைசிவரை என் கையால்தான் சாப்பிட்டாள். அக்கா மேலே படித்து, இப்போது வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். என் கல்யாணம் அவள் சம்பளத்தில் நடந்தது. புத்தகங்கள் என்னோடு இந்த வீட்டுக்கு வந்தன. தினமும் அவற்றுக்கும் சேர்த்துத்தான் விளக்கு வைக்கிறேன். ஒருநாளும் பிரித்ததில்லை.

போன பங்குனியில் அக்கா அலமாரி முன்னால் நின்று, பிள்ளையாரின் இரண்டாவது தும்பிக்கையை விரலால் தொட்டாள்.

"இன்னுமா வச்சிருக்க?"

"சாமியாச்சேக்கா" என்றேன்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று வேண்டிக்கொண்டோம். அக்கா பாஸாக வேண்டும் என்று அம்மா கேட்டாள், அது நடந்தது. பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று நான் கேட்டேன், அதுவும் நடந்தது. ஆத்தா மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதைத்தானே கொடுத்தாள்.

இதை நீங்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அக்கா என் படிப்பை எடுத்துக்கொண்டாள் என்று சேர்க்காதீர்கள். நான் விட்டுக்கொடுத்தேன் என்றும் சேர்க்காதீர்கள். விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான்.